நீலம் நீ

ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மேலே அவன் பதிமூன்று வயதில் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம், ஆங்கில எழுத்தில், கேப்டன். அதற்குக் கீழே அதே மஞ்சள் எழுத்தில் சிட்டு. தங்கையை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சிட்டு இந்த ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. எடுக்க வழியே கிடையாது. அப்போது யாராவது விளையாட்டுக்கு அடித்து வைத்திருப்பார்கள் என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக இதே வேலை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவனுக்கு இந்தப் பழைய கம்ப்யூட்டர் பெரிய சவால் ஒன்றும் இல்லை. உப்பிப் போன கெப்பாசிட்டர்களை மாற்றினான், செத்துப் போன பேட்டரியைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்தான், ஹார்டு டிஸ்க்குக்குச் செல்லமாக இரண்டு தட்டு தட்டினான். அடுத்த வாரம் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறான். அதற்குள் சின்ன வயது கேமை ஒரு தடவை ஆடிப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அது பாதி உண்மை.

வெளியே மதியத்திலிருந்து விடாத மழை. ஜன்னலை மூடியிருந்ததால் அறை முழுக்கச் சூடேறிய தூசியின் வாடையும் ஈயம் உருகிய வாடையும் சேர்ந்து நின்றன. பெட்டிக்குள் விசிறி ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தது, இடையிடையே எதிலோ தட்டுப்பட்டுத் தயங்கி மறுபடியும் இழுத்தது. பக்கத்து அறையில் அம்மா கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவன் ஆட்டத்தைத் தொடங்கினான்.

கடலுக்கடியில் சிப்பி பொறுக்கும் ஆட்டம். சிவப்பு ஆள் ஒருவன், நீல ஆள் ஒருவன். தலைக்கு மேல் ஆளுக்கொரு பச்சைக் கோடு, அதுதான் மூச்சு. கோடு குறையும்போது மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆடினால் நீல ஆளைக் கம்ப்யூட்டரே ஓட்டும்.

சிட்டுவுக்கு அப்போது ஆறு வயது. தானும் ஆடணும் என்று ஒரே அழுகை. விட்டால் கெடுத்துவிடுவாள். அதனால் அவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டான். உடைந்துபோன பழைய கீபோர்டு ஒன்றை அவள் மடியில் வைத்து, ஒயரை எதிலும் மாட்டாமல் மேஜைக்குப் பின்னால் செருகி, "நீலம் நீ" என்றான். அவள் நம்பினாள். நீலம் சிப்பி எடுக்கும்போதெல்லாம் அண்ணன் பார்த்தானா என்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அப்பாகூட அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

நீலத்தை அவள் 'நான்' என்றுதான் சொல்வாள். நான் சிப்பி எடுத்துட்டேன், நான் மீன்கிட்ட மாட்டிக்கிட்டேன். அப்படியே தினமும் ஒருமுறையாவது, "அண்ணா, எனக்கு மூச்சு தீருது."

அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள். அவன் ஏழாவது கட்டத்தில் இருந்தான். திரும்பாமலே சொன்னான். "செத்தா என்ன, அடுத்த ஆட்டத்துல வருவ."

கட்டத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினான். அவள் விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன. உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது. அவன் கத்தியதைக் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்த அம்மாவிடம், தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததாகவும் வந்து பார்த்தால் இப்படிக் கிடந்ததாகவும் அழுதுகொண்டே சொன்னான். இருபத்திரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நீலத்தின் கோடு குறையுமா? குறையும் என்றால், அவள் ஆட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தது யாருக்கும் வரக்கூடிய தவறு. பதிமூன்று வயதுப் பையன். யாரும் மன்னிப்பார்கள். அந்த ஒரு கோட்டைப் பார்த்துவிட்டால் இனியாவது நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆடினான். சிவப்புக் கோடு குறைந்தது, மேலே போனான், இறங்கினான். நீலம் அடியிலேயே நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நீலத்தின் கோடு முழுசாக இருந்தது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் ஆளுக்கு மூச்சே தீராது. ஆட்டத்தை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.



அப்படியானால் தினமும் அவள் சொன்னது எது? ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தினமும் சொல்லியிருக்கிறாள். அவன் ஒருநாள்கூட அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை, அவளையும் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தான். நீலம் சிப்பி எடுக்கவில்லை. சிவப்புக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் இடது பக்கம் நகர்ந்தான். அதுவும் வந்தது. வலது பக்கம். வந்தது. மேலே போனான். கூடவே ஏறியது, ஒட்டிக்கொண்டு.

டக். டக்.

கீபோர்டுச் சத்தம். அவனுடைய விரல்கள் அசையவில்லை. இடது பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

டக்.

"யார்கிட்டடா பேசிட்டிருக்க?"

வாசலில் அம்மா, தூக்கம் கலையாத முகத்தோடு. அவன் யாரிடமும் பேசவில்லை என்றான். அம்மா உள்ளே வந்து அவன் தோளில் கையை ஊன்றித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. நீலம் சிட்டுதானே என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"அவ போறப்போ பக்கத்துல இல்லாமப் போயிட்டோமேன்னு நீ உள்ளுக்குள்ளயே உருகறது எனக்குத் தெரியும்டா. தண்ணிக்குத்தானே போன. நீ என்ன பண்ணுவ."

உண்மை அவன் தொண்டைவரை வந்தது. இப்போது சொல்லிவிடலாம். அம்மா எதையும் தாங்குவாள். அப்பா போனதைத் தாங்கினாள்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவ உன்னக் கூப்பிட்டாளாடா?"

மழைச் சத்தம். விசிறிச் சத்தம்.

"இல்லம்மா. நான் இந்த ரூம்லயே இல்ல."

திரையில் நீலம் நின்றது.

அந்த ஆட்டத்தில் ஆட்களுக்கு முன்பக்கம் கிடையாது. இடது பக்கம் பார்ப்பார்கள், வலது பக்கம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வேறு படமே வரையவில்லை. நீலம் திரும்பியது. இடதுமில்லை, வலதுமில்லை. இந்தப் பக்கம். பத்துப் பன்னிரண்டு சதுரப் புள்ளிகளால் ஆன முகம். இரண்டு கண். ஒரு வாய். அது திறந்தது.

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை அவன் மாட்டவே இல்லை.

அம்மாவின் கை தோளிலிருந்து விலகியது. அவள் குனிந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையோடு காதை வைத்தாள்.

"ம்," என்றாள்.

அவன் எழ முயன்றான்.

"ம்... ம்." பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தையிடம் கதை கேட்கும் அதே குரல். "தினமுமா?"

"அம்மா," என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. "அம்மா, நான் சொல்றேன். நானே சொல்லிடறேன்."

அம்மா திரும்பவில்லை. பேசாதே என்று கையை மட்டும் உயர்த்தினாள்.

"இரு. அவ முடிக்கட்டும்."

அவளுடைய நரைத்த தலைக்கு அப்பால், வெளிச்சத்தில், அந்தச் சின்ன வாய் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அம்மா ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ம் கொட்டுவதை நிறுத்தினாள். வாய் மட்டும் நிற்கவில்லை.