அசனா மாமாவும் ஊத் சலீப் வேரும்

மரங்கொத்தி கதையை அசனா மாமாவிடம் சொன்னதுதான் ருகையா செய்த முதல் தப்பு.

“பழைய காலத்து யூனானி வைத்தியர்கள், அந்த ஹக்கீம்கள், இந்த ஊத் சலீப் வேரைப் பகல்ல தோண்டவே பயப்படுவாங்களாம் மாமா. மரங்கொத்தி பார்த்துட்டா பறந்து வந்து கண்ணைக் கொத்திடுமாம்!” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாமா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். சங்கு குளிக்கப் போன காலத்தில் முகத்தில் மாட்டிக்கொண்ட ரப்பர் வைத்த கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தார். அதை லுங்கியால் துடைத்தார். பயணப் பெட்டியில் கம்பளிக்கு மேலே பத்திரமாக வைத்தார்.

“ராத்திரியில தோண்டினா இது வேண்டாமே மாமா?”

“ராத்திரியில கரடி வரும். கரடிக்குக் கண்ணாடி போட்டு என்ன பிரயோசனம்? பகல்லயே போவோம்!”

கீழக்கரையில் அசனா மரைக்காயரைத் தெரியாதவர்கள் குறைவு. கடலுக்கடியில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கியவர். சுறாவைக் கண்டு அசையாதவர். ஆனால் மாடிப்படியில் ஏறினால் தலை சுற்றும். அப்படிப்பட்டவர் இப்போது இமயமலைக்குக் கிளம்பியிருந்தார்!

காரணம், அவருடைய பேத்தி ஜொஹரா. அந்தச் சின்னப் பெண்ணுக்கு வலிப்பு வரும். மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். யாரோ ஒருவர் மாமாவிடம் ஊத் சலீப் வேரைப் பற்றிச் சொன்னார். பியோனி என்கிற மலைப் பூச்செடியின் வேர் அது. யூனானி வைத்தியத்தில் வலிப்புக்குப் பேர்போன மருந்து. பிள்ளைகள் கழுத்தில் கட்டுவதும் உண்டு. குறுக்கே வெட்டினால் உள்ளே சிலுவை தெரியும் என்பார்கள். சலீப் என்றால் சிலுவைதான். மாமா ஒரு கடையில் அதை வாங்கிப் பேத்தியின் கழுத்தில் கட்டினார். கட்டிய கையோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அந்த வாரமே ஜொஹரா பள்ளிக்கூட வாசலில் வலிப்பு வந்து விழுந்தாள்.

செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து ஓடி வந்தாள் ருகையா. அவள் யூனானி மருத்துவம் கடைசி வருடம் படிப்பவள். மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“அது கலப்பட வேரும்மா. அசல் வேரா இருந்தா இப்படி ஆகுமா? யூனானி படிக்கிற நீயே வேரை நம்ப மாட்டேங்குறியே!”

“நம்புறேன் மாமா. ஆனா மாத்திரையை நிறுத்துன்னு எந்தக் கிதாபுலயும் எழுதலை!”

முடிவில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ருகையா அசல் வேரைக் கொண்டு வர வேண்டும். அதுவரை மாமா மாத்திரையில் கை வைக்கக் கூடாது. “அசல் வேர் வந்த பிறகு?” என்று கேட்டதற்கு மாமா பேச்சை மாற்றினார். “நானும் வர்றேன். நீ கலப்படம் பார்க்கத் தெரியாத புள்ள” என்று சொன்னார். தாத்தாவை நன்னா என்று கூப்பிடும் ஜொஹராவிடம், “நன்னா மலைக்குப் போய் உனக்கு வேர் கொண்டாருவேன்” என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

கார்வால் மலையடிவாரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. ருகையாவுக்குத் தெரிந்த உருது, மருத்துவப் புத்தகங்களில் படித்த உருது. அதில் ஜீப்காரரிடம், “மாண்புமிக்கவரே, சலீப் கிடைக்கும் இடத்துக்கு எங்களைச் சேர்ப்பிப்பீராக” என்பதுபோல் எதையோ கேட்டாள். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். வளைந்து வளைந்து மலை ஏறினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, “யா அல்லா, இது ரோடா, திருகாணியா!” என்று முனகினார். வண்டி நின்றதும் கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு பழைய மாதா கோயில்!

“சலீப்” என்று கோபுரத்தைக் காட்டினார் ஜீப்காரர். உச்சியில் பெரிய சிலுவை.

உள்ளேயிருந்து வந்த பாதிரியார், தூர தேசத்திலிருந்து தேடி வந்த இரண்டு முஸ்லிம் பக்தர்களைப் பார்த்து நெகிழ்ந்து போனார். இஞ்சி டீ கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தார். பிறகு, மேலே ஓக் மரக் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, “அங்கே காட்டுப் பூக்கள் அதிகம். விமலா தேவி என்பவர் வீட்டில் தங்க இடம் கொடுப்பார்கள்” என்றார்.

விமலா தேவி நடுத்தர வயதுக்காரர். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. அவருடைய தம்பி கஜேந்தர், காட்டுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டி. மறுநாள் காலையிலேயே மூவரும் காட்டுக்குள் கிளம்பினார்கள். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி மாட்டிக்கொண்டார். எதிரே வந்த ஆடுகள் அவரைப் பார்த்ததும் வழியை மாற்றிக்கொண்டன.

“இதோ!” என்று பாய்ந்து ஒரு செடியைப் பிடித்தார் மாமா. பிடித்த வேகத்திலேயே, “மௌத்தாப் போனேன்! செத்தேன்!” என்று கத்தினார். கை முழுக்கத் தேள் கொட்டியதுபோல எரிந்தது.

“அதன் பெயரே தேள் புல்தான்” என்றான் கஜேந்தர் நிதானமாக.

“முன்னாடியே சொல்லக் கூடாதா இவன்?”

“நீங்க முன்னாடியே பாய்ஞ்சிட்டீங்களே மாமா!”

அன்று முழுக்க அலைந்தார்கள். செடியின் படத்தைக் காட்டக் கைப்பேசியை எடுத்தால், குளிரில் அது உயிரை விட்டிருந்தது. ருகையா ஊத் சலீப் என்றாள், பியோனி என்றாள், வெள்ளைப் பூ என்றாள். கஜேந்தரும் சளைக்காமல் வெள்ளையாகப் பூத்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒன்றும் அதில்லை. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஒரே ஓர் ஆறுதல் சாப்பாடு. வழியில் தின்ற பூரியால் மாமாவின் வயிறு கொந்தளித்துக்கொண்டிருந்தது. விமலா தேவி ஒரு கீரையை வேகவைத்துப் பிழிந்து, தாளித்துக் கொடுத்தார். வயிற்றுக் கோளாறுக்கு இங்கே எல்லோரும் இதைத்தான் சாப்பிடுவார்கள் என்றார்.

“என்னா கீரைங்குறாங்க?”

“சந்திராவாம் மாமா.”

“நல்லாயிருக்கு. இன்னொரு கரண்டி போடச் சொல்லு.”

மறுநாளும் அலைச்சல். மறுநாளும் வெறுங்கை. மறுநாளும் அதே கீரை. மாமாவின் வயிறு கடல் அடங்கியதுபோல் அடங்கிவிட்டது. ஆனால் முகம் வாடியிருந்தது. “புள்ளைக்கு என்னா சொல்லுவேன் ருகையா?” என்று கேட்டார். ருகையா பாத்திரம் கழுவ உதவலாம் என்று அடுப்படிக்குப் போனாள்.

மூலையில் நாளைக்கு ஆய வேண்டிய கீரைக்கட்டு கிடந்தது. சிவந்த தண்டு. விரல் விரலாகப் பிரிந்த இலை. கட்டுக்குள் தவறிப்போய் வந்த ஒரு மொட்டு, கோலிக்குண்டு போல உருண்டையாக. ருகையா அதை எடுத்து விரித்தாள். உள்ளே வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தம்!

அவள் போட்ட கூச்சலில் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். “எங்க மரங்கொத்தி?”

“மாமா! இதுதான்! இதுதான் ஊத் சலீப் செடி! ரெண்டு நாளா இதைத்தான் தின்னுக்கிட்டிருக்கோம்!”

மாமா கீரைக்கட்டைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். “புதையலைத் தின்னு ஏப்பம் விட்டுட்டுப் புதையல் தேடுறோமா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் விமலா தேவியும் கஜேந்தரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “சந்திரா என்று கேட்டிருந்தால் வாசலிலிருந்தே காட்டியிருப்பேனே! தினமும் தின்கிற கீரையைத் தேடியா இவ்வளவு தூரம் வருவீர்கள் என்று அதை மட்டும் காட்டாமல் விட்டேன்!” என்றான் கஜேந்தர்.

ஆனால் வேர் என்றதும் விமலா தேவியின் சிரிப்பு நின்றது. “இலை பறிக்கலாம். வேரைத் தொடக் கூடாது. வியாபாரிகள் வந்து அந்தப் பக்கத்துச் சரிவையே தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே இப்போது ஒரு செடி கிடையாது. அதனால் ஊர்ப் பெண்கள் கூடி முடிவு பண்ணியிருக்கிறோம். யார் கேட்டாலும் கிடையாது.”

ருகையா மொழிபெயர்த்துச் சொன்னாள். மாமா மன்றாடினார். கை கால்களை உதறி, கண்களைச் செருகி, ஜொஹராவுக்கு வலிப்பு வருவதை நடித்தே காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த கஜேந்தர் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்து, மாமாவின் கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தான்.

மாமாவுக்கு அந்த அட்டை நன்றாகத் தெரியும். அதே நிறம், அதே வெள்ளை மாத்திரை. மதுரை டாக்டர் ஜொஹராவுக்குக் கொடுத்ததும் இதுதான்.

“எனக்கும் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. டேராடூன் டாக்டர் கொடுத்தது இது. ஒருமுறை நானாக நிறுத்தினேன். அடுப்பில் விழுந்தேன்” என்று முழங்கையைக் காட்டினான். தழும்பு பளபளத்தது.

மாமா வெகுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேர் முளைக்கிற மலையிலயே மாத்திரைதானா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆமா மாமா.”

“இந்தச் செடிக்கு நடுவுலயே பிறந்து வளர்ந்தவன்... இவனே மாத்திரை போடுறான்.” அவர் கண்கள் கலங்கின. “நான்தான் அன்னைக்குப் புள்ளையைக் கீழ தள்ளிட்டேன் ருகையா.”

ருகையா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மாமா மூக்கை உறிஞ்சினார். “மாத்திரை மாத்திரைதான். இனி பேச்சே இல்ல. ஆனா நன்னா வேர் கொண்டாருவேன்னு சொல்லிட்டேனே. வெறுங்கையோட எப்படிப் போவேன்?”

இதை ருகையா சொன்னதும் விமலா தேவி யோசித்தார். தம்பியைப் பார்த்தார். மழையில் ஓடைக் கரை சரிந்ததையும், அங்கே சில செடிகள் அந்தரத்தில் தொங்குவதையும், இன்னொரு மழை வந்தால் அவை ஓடையோடு போய்விடும் என்பதையும் சொன்னார். “அவற்றை மேலே கொண்டு வந்து நல்ல மண்ணில் நட்டுக் கொடுங்கள். முறிந்த வேர் இருந்தால் உங்களுக்கு.”

“இதுதான் நம்ம வேலை!” என்று துள்ளி எழுந்தார் மாமா.

காலையில் மூவரும் கரைக்குப் போனார்கள். எட்டிப் பார்த்த மாமா, பார்த்த வேகத்தில் பின்வாங்கி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். கீழே ஓடை பாறைகளில் இடித்துக்கொண்டு ஓடியது. சரிவின் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகச் செடிகள் தலைகீழாக ஆடின. வலிப்பு உள்ள கஜேந்தர் கயிற்றில் தொங்கக் கூடாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமாவால் விளிம்புக்கே வர முடியாது. மிச்சம் ருகையா!

“பயப்படாத புள்ள. சங்கு குளிக்கிறவன் உசுரு கயிறு பிடிக்கிறவன் கையில. இன்னைக்குக் கயிறு என் கையில!” என்று அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டார் மாமா. அவருடைய முடிச்சு அவிழ்ந்ததாகக் கீழக்கரையில் வரலாறு கிடையாது. “ஒரு தடவை இழுத்தா இறக்குவேன். ரெண்டு தடவை இழுத்தா தூக்குவேன். இந்தா, கண்ணாடி!”

“மாமா, வேண்டாம்!”

“மாட்டு! இல்லைனா கயித்தை விடமாட்டேன்!”

ரப்பர் நாற்றத்தோடு ருகையா சரிவில் இறங்கினாள். முதல் செடியை மண்ணோடு அணைத்துத் துணிப்பையில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். கடைசிச் செடி பெரியது. கிளைகள் முழுக்கப் பூ. அதன் அடியில் கை நுழைக்கும்போது அவள் மூச்சில் கண்ணாடியில் பனி படர்ந்து ஒன்றுமே தெரியவில்லை.

அப்போது கேட்டது. டொக்! டொக்! டொக்டொக்டொக்!

“மரங்கொத்தி!” என்று மேலே அலறினார் மாமா. “ருகையா, கண்ணை மூடு! நான் பார்த்துக்கறேன்!”

“மாமா, தூக்காதீங்க! இன்னும்...”

மாமா தூக்கிவிட்டார். சரிவு பொலபொலவென்று உதிர்ந்தது. ருகையாவின் காலடியில் மண்ணே இல்லை! அவள் செடியை இறுகக் கட்டிக்கொண்டாள். செடி அவளோடு வந்தது. கல்லும் மண்ணும் கீழே ஓடையில் விழுந்து தெறித்தன. அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “பிடிச்சிருக்கேன் புள்ள! பிடிச்சிருக்கேன்!” என்ற குரல் மட்டும் கேட்டது. அடுத்த நொடி கஜேந்தரின் கை அவள் தோளைப் பற்றி மேலே இழுத்துப் போட்டது.

புல்லில் மல்லாந்து கிடந்து கண்ணாடியைக் கழற்றினாள். முதலில் கண்ணில் பட்டது மாமாவின் முகம். தலைசுற்றலை மறந்து அவர் விளிம்புக்கே வந்து நின்றிருந்தார். கயிறு அறுத்த உள்ளங்கைகளில் ரத்தம் கசிந்தது. எதிர் மரத்தில் மரங்கொத்தி அவர்களை ஒரு தடவை பார்த்தது. அலுத்துப்போனதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டையில் புழு தேடப் போய்விட்டது.

விமலா தேவி காட்டிய இடத்தில் செடிகளை நட்டார்கள். பெரிய செடியிலிருந்து முறிந்த ஒரு துண்டு வேர் மட்டும் மாமாவுக்குக் கிடைத்தது. ருகையா அதைக் கத்தியால் குறுக்கே வெட்டினாள். நான்கு தலைகளும் ஆவலாகக் குனிந்தன.

“சிலுவை தெரியுதா?”

“எனக்கு நட்சத்திரம் மாதிரி இருக்கு மாமா.”

மாமா வேரைத் திருப்பினார். தூரத்தில் வைத்தார், கிட்டே வைத்தார். முகம் மலர்ந்தது. “நங்கூரம்! அசல் சரக்கு!”

கீழக்கரையில் ஊரே அவர்களை வரவேற்றது. கதையைக் கேட்கத் தெருவே திரண்டது. ஜொஹரா கழுத்தில் வேரைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினாள். ஆனால் மாத்திரை என்றதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாள்.

“மாத்திரை முழுங்குனாத்தான் மலைக் கதை!” என்றார் மாமா.

அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. டாக்டரும் குழந்தை தேறி வருவதாகச் சொன்னார். ருகையா சென்னையிலிருந்து தினமும் தொலைபேசியில் விசாரிப்பாள். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டபோது, மாமா கதை சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. மரங்கொத்தி கழுகளவு வளர்ந்திருந்தது. ஓடை கடலாகியிருந்தது. இது போதாதென்று, புதருக்குள்ளிருந்து ஒரு கரடி வேறு உறுமிக்கொண்டு வந்தது!

“மாமா! கரடியே வரலையே!”

“சத்தம் போடாத புள்ள” என்று மாமா கையால் வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். “டாக்டர் இன்னைக்குக் கொஞ்சம் பெரிய மாத்திரையா மாத்திக் கொடுத்துட்டாரு!”