இருபத்திரண்டு நிமிடம், ஐம்பத்தெட்டு விநாடி! அவுரேலியோவின் மண்டைக்குள் அந்த எண்ணே சுழன்றுகொண்டிருந்தது.

போன் அலறியது.

ஹேண்டில்பாரின் நடுவே, கறுப்பு ரப்பர்ப் பிடிக்குள் நிமிர்ந்து நின்ற போன்!

அவுரேலியோ எரிச்சலுடன் குனிந்து நோக்கினான். பாத்தியோஸ் மலைச்சாலையின் ஐந்தாவது கிலோமீட்டர். ஞாயிறு காலை ஏழு ஐம்பது. கால்கள் இரண்டும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கெனத் துவண்டிருந்தன. அதுவரை திரையில் ஓடிக்கொண்டிருந்த நேரம், வேகம், உயரம் யாவும் மறைந்து, ஒரு பெயர் மட்டும் துடித்தது.

மார்லேன்.

டாக்டர் ஹைரோவின் மனைவி!

ஏறும்போது எவரேனும் அழைத்தால், திரையிலுள்ள கடிகாரம் மறைந்துபோகும். பொகோட்டா நகரத்து ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரனுக்கு அதனினும் பெரிய துயரம் இவ்வுலகில் இல்லை.

"எடுத்துப் பேசுங்கண்ணே! எப்படியும் கடைசி ஆள்தானே நீங்க?" என்றான் பக்கத்தில் மெல்ல மிதித்துக்கொண்டு வந்த கொன்சாலோ. 'காண்டோர்' சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அவன். பின்தங்கியவனோடு கூடவே ஏறுவது அவன் கடமை. பின்தங்கியவனைக் கிண்டல் செய்வது அவன் பொழுதுபோக்கு.

அவுரேலியோ திரையைத் தொட்டான்.

"அவுரேலியோ!... ஐயோ... ஹைரோ!... இப்பதான் அம்மா வீட்டுலேருந்து வந்தேன்... காரேஜுல கிடக்கிறாரு... தலையெல்லாம் ரத்தம்... மூச்சே இல்ல!..."

பிரேக்கை அழுத்தினான். காலைத் தரையில் ஊன்றினான்.

ஆச்சரியப்பட வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"என்ன சொல்றீங்க மார்லேன்! யாரு... யாரு செஞ்சது?"

குரலில் நடுக்கம் சரியான அளவில் அமைந்தது. மூச்சு வாங்கியதும் கைகொடுத்தது.

யார் என்பது அவனுக்குத் தெரியும்.

காற்றடிக்கும் பம்பை ஓங்கியவனுக்கே தெரியாவிட்டால், வேறு யாருக்குத் தெரியும்?

*

அன்று விடியற்காலை, ஐந்து நாற்பது.

காண்டோர் சங்கத்தில் இரண்டே சட்டங்கள் உண்டு. போனில் பதிவாகாத ஏற்றம், ஏற்றமே அன்று. நடுவழியில் கால் ஊன்றியவனின் ஏற்றமும் ஏற்றம் அன்று. முதல் சட்டத்தைப் போன் காத்தது. இரண்டாவதை அவரவர் மனச்சாட்சி காத்தது... அதாவது, எவரும் காக்கவில்லை.

டாக்டர் ஹைரோ சென்டாலெஸ் பல் மருத்துவர். ஐம்பத்தொரு வயது. மஞ்சள் ஜெர்சிக்குள் பூசணிக்காய் போன்ற வயிறு. ஆயினும் மூன்றாண்டுகளாகச் சங்கத்தின் சாதனையாளர் அவரே! இருபத்து நான்கு நிமிடம், பத்து விநாடி!

ஏழு மணிக்குச் சங்கத்தார் பேக்கரியில் கூடுமுன்பே, டாக்டர் தனியாக மலையேறி இறங்கிவிடுவார். பின்னர்ச் சூடான சாக்லேட் பானம் குடித்தபடி போனை மேசைமேல் வைப்பார்.

"பார்த்துக்கோங்கப்பா! நான் சொல்லல. போன் சொல்லுது!"

அவுரேலியோ பிராகிவே நோட்டரி அலுவலகத்து அதிகாரி. வாரத்தில் ஆறு நாள், பிறருடைய கையெழுத்துகள் உண்மையானவையே என்று முத்திரை குத்துபவன். அவனுடைய சிறந்த நேரம் இருபத்தைந்து நிமிடம், இரண்டு விநாடி. எப்போதும் இரண்டாம் இடம்.

அந்த இருபத்தைந்து இரண்டைப் பற்றிப் பேசவே டாக்டர் அவனைக் காரேஜுக்கு வரவழைத்திருந்தார்.

"இதைப் பாருய்யா!" என்று போனை நீட்டினார்.

புகைப்படம்.

மலைச்சாலையில் ஒரு சிமென்ட் லாரி. அதன் பின்புறக் கம்பியை இடக்கையால் இறுகப் பற்றி, மிதிக்காமலே ஏறிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் ஜெர்சி!

முகம் தெளிவாகத் தெரிந்தது. புன்னகையும் தெரிந்தது.

"டாக்டர்... ஒரே ஒரு தடவைதான்... தயவுசெஞ்சு அழிச்சிடுங்க!"

"அழிக்கிறதா? ஏழு மணிக்குப் பேக்கரியில எல்லாருக்கும் காட்டப்போறேன்! அப்புறம் உங்க நோட்டரி ஆபீசுக்கு ஒரு காப்பி. நீயே சீல் குத்தி ஒட்டிக்கலாம்!"

டாக்டர் சிரித்தார். பற்கள் யாவும் வரிசையாகவே இருந்தன.

பம்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. இரும்புப் பம்பு.

ஒரே அடி!

சிரிப்பு நின்றது.

அவுரேலியோ கையுறை அணிந்த விரலால் படத்தை அழித்தான். ஓட முனைந்தான். அப்போதுதான் திரையில் அதைக் கண்டான். டாக்டர் புறப்படுவதற்காகப் பொத்தானை முன்னமே அழுத்தியிருந்தார். கடிகாரம் 00:00 என்று காட்டியபடி, சக்கரம் உருள்வதற்காகக் காத்திருந்தது.

மின்னல்போல் ஒரு யோசனை!

இந்தப் போன் மலையேறி, ஏழு மணியை ஒட்டிக் காரேஜுக்குத் திரும்பினால்... டாக்டர் ஏழு மணி வரை உயிரோடிருந்தார் என்றாகும். ஏழு மணிக்கு மேல் தானோ, சங்கத்தார் எட்டுப் பேர் நடுவே சாக்லேட் குடித்துக்கொண்டிருப்பான்!

சங்கத்தில் அனைவருக்கும் ஒரே ஜெர்சி. ஒரே ரப்பர்ப் பிடி. தன் போனை அணைத்துச் சட்டைப்பையில் இட்டான். டாக்டரின் போனைத் தன் ஹேண்டில்பாரில் பொருத்தினான்.

டாக்டர் வீட்டு வாசலே மலைச்சாலையின் தொடக்கம். மிதித்தான். பயம் பின்னாலிருந்து தள்ளியது. மூன்றாம் வளைவில் இறங்கி வாந்தி எடுத்தான். ரோந்து வண்டியின் வெளிச்சம் தெரிந்தபோது, பூட்டிக்கிடந்த சோளரொட்டிக் கடைக்குப் பின்னால் பதுங்கினான். பிறகு மீண்டும் வெறிகொண்டு மிதித்தான். உச்சியிலுள்ள சுங்கச்சாவடியைத் தொட்டதும் திரை மின்னியது.

ஏற்றம்: 22:58.

அவுரேலியோ கொலையை மறந்தான். பிணத்தை மறந்தான்.

இருபத்திரண்டு ஐம்பத்தெட்டு! சங்கத்தின் சாதனை தூள்தூள்!

பிறகு, அது யாருடைய போன் என்பது நினைவுக்கு வந்தது.

*

புதன்கிழமை. நோட்டரி அலுவலகம்.

இன்ஸ்பெக்டர் நூபியா எதிரே அமர்ந்திருந்தாள். போயாகா மாநிலத்துக்காரி. கன்னங்களில் மலைக்குளிர் தந்த செம்மை. கால்சட்டையின் வலக்காலில், சங்கிலியில் சிக்காதிருப்பதற்காகத் துணி உலர்த்தும் கிளிப் ஒன்று.

"மேடமும் சைக்கிளா?" என்றான் அவுரேலியோ.

"ஆமா சார். வேலைக்குப் போக வர."

"எந்த ஆப் வச்சிருக்கீங்க?"

"கூடை வச்சிருக்கேன். காய்கறி போட."

அவனுக்கு நிம்மதி பிறந்தது. போன் இன்றிச் சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு என்ன விளங்கப்போகிறது?

"உங்களுக்கு ஒரு கவலையும் வேணாம் சார். டாக்டரோட போன் ஆறு அம்பத்தி மூணுக்கு வீடு திரும்பியிருக்கு. நீங்க ஆறு அம்பத்தி ஏழுக்கெல்லாம் பேக்கரியில. எட்டுப் பேர் சாட்சி. அதுக்கப்புறம் மலையில கொன்சாலோ உங்களை விட்டு நகரவே இல்ல."

"நல்ல மனுஷன் மேடம்."

"நாப்பது நிமிஷமாச்சு, ஆனா அஞ்சு கிலோமீட்டர்தான் ஏறியிருந்தீங்கன்னு சொன்னார். வழக்கமா ரெண்டாவதா வர்ற ஆளு, அன்னிக்குக் கடைசியாமே?"

"வயிறு சரியில்ல மேடம். முந்தின நாள் சாப்பிட்ட தமால்..."

"அடடா! பாவம்." நூபியா எழுந்தாள். வாசலில் திரும்பினாள். "டாக்டர் பெரிய ஆளுதான் சார். சாகிற அன்னிக்குக்கூடச் சாதனை பண்ணியிருக்கார். இருபத்திரண்டு அம்பத்தெட்டாம். இந்த ஞாயித்துக்கிழமை மலையுச்சியில அவர் பேருக்குப் பித்தளைப் பலகை வைக்கிறாங்களாம். வருவீங்கல்ல?"

அவுரேலியோவின் கையிலிருந்த முத்திரை தலைகீழாகப் பதிந்தது.

"வ... வருவேன் மேடம்."

அன்றிரவு அவன் உறங்கவில்லை. பிணம் கனவில் வரவில்லை. பித்தளைப் பலகைதான் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. பாத்தியோஸ் உச்சி.

மஞ்சள் ஜெர்சிகள் கூடி நின்றன. கோப்பைகளில் கொதிக்கும் வெல்லத்தண்ணீர். அதில் மிதக்கும் பாலாடைக்கட்டி. நூபியா தன் இரும்புச் சைக்கிளை மதிலோரம் சாய்த்துவிட்டு வந்தாள். அவள் கையில், நெகிழிப் பையில் முத்திரையிடப்பட்ட டாக்டரின் போன்.

"எவ்வளவு நேரத்துல ஏறினீங்க மேடம்?" என்றது ஒரு மஞ்சள் ஜெர்சி.

"தெரியாதுப்பா. பசிக்க ஆரம்பிச்சப்ப மேல வந்துட்டேன்."

கொன்சாலோ தொண்டையைச் செருமினான்.

"நண்பர்களே! நம்ம டாக்டர் கடைசியா ஏறின ஏற்றம்! இருபத்திரண்டு நிமிஷம், அம்பத்தெட்டு விநாடி! இந்த மலை இருக்கிறவரைக்கும் இந்தப் பேரு இருக்கும்!"

துணி விலகியது. பித்தளை மின்னியது.

டாக்டர் ஹைரோ சென்டாலெஸ். பாத்தியோஸின் அரசர். 22:58.

கைதட்டல்! மார்லேன் விம்மினாள்.

அவுரேலியோவின் பற்கள் நறநறத்தன. வாயைத் திறவாதிருந்தால் போதும். இன்னும் பத்தே நிமிடம். வீட்டுக்குப் போகலாம், வாழ்நாள் முழுவதும் சுதந்திரமாக வாழலாம்... ஞாயிறுதோறும் இந்தப் பலகையைக் கடந்தபடி!

"இவ்வளவு பெரிய வயித்தோட இந்த நேரமா! நம்பவே முடியல!" என்றது ஒரு குரல்.

"திறமைப்பா! சில பேருக்குத்தான் வரும்," என்றாள் நூபியா. வெல்லத்தண்ணீரை ஊதினாள். "அவுரேலியோ சாரையே எடுத்துக்குங்க. மூணு வருஷமா முக்கினார். ரெண்டாவது இடம்தான். அதுவும்..." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "லாரி தயவுல!"

புகைப்படம்!

"அழிச்ச படம் போன் குப்பைத்தொட்டியில முப்பது நாள் இருக்கும் சார். உங்களுக்குத் தெரியாதா?"

படம் கைமாறியது. சிரிப்பு எழுந்தது. கொன்சாலோ வெல்லத்தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"அண்ணே! ஒரு கையால வேற டாட்டா காட்டுறீங்களே!"

"சிரிக்காதீங்கடா!" என்று வீறிட்டான் அவுரேலியோ.

"கோபப்படாதீங்க சார்," என்றாள் நூபியா மெல்ல. "லாரி இல்லாம நீங்க எங்க ஏறப்போறீங்க? டாக்டர் மாதிரி இருபத்திரண்டு அம்பத்தெட்டுல உங்களால ஏற முடியுமா என்ன?"

"முடியுமா?... ஏறினதே நான்தாண்டி! அந்தப் பூசணிக்கா வயித்துக்காரன் எங்க ஏறினான்? அவன் காரேஜுல செத்துக் கிடந்தான்! அவன் போனை என் ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு, விடிஞ்சும் விடியாத நேரத்துல, ஒத்தை ஆளா, இந்தக் காலால மிதிச்சேன்! அது என் நேரம்! என்னோடது!"



ஒருவர் கையிலிருந்து சோளரொட்டி விழுந்தது.

அவுரேலியோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். காலம் கடந்துவிட்டது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற இரண்டு மஞ்சள் ஜெர்சிகள் முன்னே வந்தன. இரண்டும் போலீஸ்!

கைவிலங்கு கிளிக்கிட்டது.

மார்லேன் அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். "ஒரு நேரத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கொன்சாலோவின் பக்கம் திரும்பினான்.

"தம்பி... பலகையில பேரை மாத்துவீங்கல்ல?"

கொன்சாலோ தலையைச் சொறிந்தான். "சட்டப்படி பார்த்தா... பதிவு ஏதோ இருக்குதான்... கமிட்டி கூடணும் அண்ணே."

"கமிட்டி வேணாம்ப்பா," என்றாள் நூபியா. போன் திரையை நெகிழிப் பையோடு கொன்சாலோவிடம் காட்டினாள். "கிளம்பின மணி என்ன போட்டிருக்கு?"

"அஞ்சு அம்பத்தொண்ணு."

"மேல வந்து சேர்ந்த மணி?"

"ஆறு... இருபத்தஞ்சு."

"கழிச்சுப் பாரு."

கொன்சாலோ விரல்விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"முப்பத்தி நாலு நிமிஷம்!... அப்போ இந்த இருபத்திரண்டு?"

"டாக்டர் தன் போன்ல ஒரு வசதியைப் போட்டு வச்சிருந்தார். சக்கரம் நின்னா கடிகாரமும் நிக்கும். சக்கரம் உருண்டா மறுபடி ஓடும். மூணு வருஷமா ஒவ்வொரு வளைவுலயும் உக்காந்து இளைப்பாறித்தான் ஏறியிருக்கார். அவரோட இருபத்து நாலு பத்துகூட நிஜத்துல நாப்பத்தி மூணு நிமிஷம்!"

மஞ்சள் ஜெர்சிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிலர் தத்தம் போனைச் சட்டைப்பையில் மறைத்தனர்.

அவுரேலியோவின் முகம் சுண்ணாம்பானது. மூன்றாம் வளைவு... வாந்தி... சோளரொட்டிக் கடையின் பின்புறம்...

"அப்போ... நான் சாதனை..."

"நடுவுல நீங்க பதினோரு நிமிஷம் கால் ஊன்றி நின்னிருக்கீங்க சார். உங்க சங்கத்துச் சட்டப்படி அது ஏற்றமே இல்ல."

"ஆனா போன் சொல்லுச்சே மேடம்! இருபத்திரண்டு அம்பத்தெட்டுன்னு... நானே கண்ணால பார்த்தேனே!"

"நானும் அதைத்தான் பார்த்தேன். பார்த்ததைத்தான் உங்ககிட்டச் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல!"

போலீஸ் ஜீப்பின் கதவு திறந்தது. அவுரேலியோ படியில் கால் வைத்தவன், தயங்கித் திரும்பினான்.

"எனக்கு... எத்தனை வருஷம் கிடைக்கும் மேடம்?"

நூபியா கால்சட்டைக் கிளிப்பைச் சரிசெய்துகொண்டு, தன் இரும்புச் சைக்கிளில் ஏறி அமர்ந்தாள்.

"அதை ஜட்ஜ் சொல்வார் சார். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க... நீங்க அசையாம நின்னாலும், ஜெயில் கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும்!"