இருமல் பட்டைக்கு மூன்றாவது சாட்சி

“அனுப்பாதீகன்னு காலையிலேருந்து சொல்லுதேன், நீங்க என்னடான்னா—”

“நான் இன்னும் அனுப்பவே இல்லட்டி. முதல்ல கைய எடு, திரைய மறைக்கே.”

“மறைக்கத்தான் செய்வேன். தெரிஞ்சாத்தானே நீங்க—”

“நீ மறைச்சா நின்னுருமா? ஆறு மணி ஆனா அதுவா போயிரும்.”

“அதுவா எப்படிப் போவும்? நீங்க வாயத் தொறக்காம இருந்தா—”

“வாயத் தொறக்கலன்னா ‘ஆமா’ன்னு எடுத்துக்கிடுவாக. பத்து நாள் கெடு. இன்னைக்குப் பத்தாவது நாள்.”

சந்தனமாரி கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த திரையில் ஒரே ஒரு கேள்வி நின்றது: ‘இருமல் பட்டை வேலை செய்கிறதா?’ அதற்குக் கீழே இரண்டு பெயர்கள் பச்சையில். மூன்றாவதாக ஜெபமலரின் பெயர், நிறமில்லாமல்.

ஜெபமலருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன்பு தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று அவளுடைய ஸ்கூட்டரைத் தட்டியது. சரக்கு அலுவலகத்து வேலையும் உடம்பும் ஒரே நாளில் போயின. மிஞ்சியது வாயும் மூளையும். அந்த இரண்டும் முன்னைவிடக் கூடுதலாகவே வேலை செய்கின்றன என்பது எட்டு வருடமாகக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் சந்தனமாரியின் கருத்து.

“மலையில கெடக்கவன் ஒருத்தன் பட்டை செஞ்சான்னு, கூட இருக்கவள வெளிய தள்ளுவீகளோ?”

“அவருக்கு ஆளே கிடையாதுட்டி. கொல்லிமலைக்கு வாரியம் ஆள் அனுப்புததில்ல. அண்ணன் பொண்டாட்டி காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போறாக. நடுவுல சளி அடைச்சா மனுசன் போயிருவாரு. அதான் தனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்காரு.”

“நல்லா இருக்கட்டும். பிழைச்சுக் கெடக்கட்டும். அதுக்கு நீங்க எதுக்கு ‘ஆமா’ சொல்லணும்?”

“‘ஆமா’ன்னாதான் அவர மாதிரி இருக்க மத்தவங்களுக்குப் போய்ச் சேரும்.”

“எனக்கு என்ன வந்து சேரும்?”



கைத்துணை என்பது அந்தத் தளத்தின் பெயர். நடக்க முடியாதவர்களும் பார்க்க முடியாதவர்களும் கை வராதவர்களும் தங்களுக்குத் தாங்களே யோசித்துச் செய்த கருவிகளின் வரைபடங்களை அதில் போட்டுவைப்பார்கள். எந்த ஊரிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்து வார்ப்பகத்தில் கொடுத்தால் மறுநாள் கருவி வீட்டுக்கு வந்துவிடும். மூன்று பேர் தங்கள் உடம்பில் போட்டுப் பார்த்து ‘ஆம்’ என்று சாட்சி சொன்னால் கருவி நிரூபணமாகிப் பச்சையாகும். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் படம் பட்டியலிலிருந்து இறங்கிவிடும்.

‘இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. செய்தவரும் நம்மைப் போல ஒருவர்தானே. வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு மாதக்கணக்கில் வரைந்ததை ஒரே சொல்லில் எப்படித் தள்ளுவது? ஜெபமலர் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகளுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டும் ‘ஆம்’. தலைவாரும் கருவி கொத்துக் கொத்தாக முடியைப் பிடுங்கியபோது, ‘அடர்த்தி குறைந்த கூந்தலுக்கு மிகவும் ஏற்றது’ என்று எழுதினாள். ஊட்டும் கை சாம்பாரைத் தாடையில் ஊற்றியபோது, ‘நிதானமாகச் சாப்பிடும் பழக்கம் வரும்’ என்று எழுதினாள். செய்தவர்கள் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்கள். தாடையைத் துடைத்துவிட்டது சந்தனமாரி.

இதையெல்லாம் துணைநேர வாரியமும் உட்கார்ந்து படிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும். யாருக்கு எத்தனை நேரம் மனிதத் துணை என்று ஒதுக்குவது அந்த வாரியம்தான். இயந்திரம் செய்யும் வேலைக்கு மனிதர் எதற்கு என்று அது கேட்டது. தலைவாரும் கருவி பச்சையான மறுநாளே மாநிலம் முழுக்கத் தலைவார ஒதுக்கியிருந்த நிமிடங்கள் மறைந்தன. பிறகு ஊட்டுவதற்கான நிமிடங்கள். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, உடுத்திவிட என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரே ஒரு வேலை மிஞ்சியது.

இருமல். கழுத்து முறிந்தவர்களால் பலமாக இரும முடியாது. சளியோ தண்ணீரோ மூச்சுக்குழாயில் நின்றுவிட்டால் வேறொருவர் விலாவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து, அவர்கள் மூச்சோடு சேர்த்து மேல்நோக்கி அமுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே அவர்கள் வீட்டில் மட்டும் ஒரு மனிதர் எப்போதும் தங்கியிருக்க வேண்டும் என்று வாரியத்தின் விதி இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றில் கட்டினால் அந்த அமுக்கைத் தானே செய்யும் இந்தப் பட்டையும் பச்சையாகிவிட்டால், ஜெபமலரின் வீட்டுக்குள் ஒரு மனிதர் நுழையக் காரணமே இருக்காது.

“வாரியமா என்னைய அனுப்புது?” என்றாள் சந்தனமாரி. “நீங்க அனுப்புதீக. தல வாருததுக்கு ஒரு ‘ஆமா’. சோறு ஊட்டுததுக்கு ஒரு ‘ஆமா’. கைய ஒண்ணு, கால ஒண்ணுன்னு கொஞ்சம் கொஞ்சமா வெட்டி—”

“ஏட்டி, கையும் காலும் போனது எனக்கு.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊட்டும் கை அந்த நேரம் பார்த்துக் காப்பிக் குழலை ஜெபமலரின் வாயில் வைத்திருந்தது. சிரிப்போடு சேர்ந்து காப்பி தப்பான வழியில் இறங்கியது.

அவள் கண்கள் விரிந்தன. முகம் கறுத்தது. சந்தனமாரி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தாள். அவளுடைய உள்ளங்கைகள் விலாவுக்குக் கீழே போய்ச் சேரும் முன்பே, சோதனைக்காக அங்கே கட்டியிருந்த பட்டை இறுகியது. மூச்சு உள்ளே போனதை அறிந்து, தொண்டை அடைத்துத் திறக்கும் அந்த இமைப்பொழுதைச் சரியாகப் பிடித்து, கீழிருந்து மேலாக ஒரே அமுக்கு. காப்பி வெளியே தெறித்தது. இன்னொரு அமுக்கு. மூச்சு வந்தது.

சந்தனமாரியின் கைகள் பட்டையின் மேல் வந்து விழுந்தபோது வேலை முடிந்திருந்தது. அவள் கைகளை எடுக்கவில்லை.

“என் கையவிட நல்லா அமுக்குதோ?”

“விளிம்பு கொஞ்சம் குத்துது.”

“பொய் சொல்லாதீக.”

“நெசமாத்தான். எலும்புல குத்துது.”

“நான் அமுக்குனா மூணு வாட்டி, நாலு வாட்டி ஆவும். இது…” சந்தனமாரி முடிக்காமல் துண்டை எடுத்து ஜெபமலரின் கன்னத்தையும் கழுத்தையும் துடைத்தாள். காதுக்குப் பின்னால் தெறித்திருந்ததைக்கூடத் துடைத்தாள். எந்த இயந்திரமும் அங்கே பார்ப்பதில்லை.

ஜெபமலர் மணப்பாட்டில் இருக்கும் தன் சிநேகிதி ரெஜினாளை நினைத்துக்கொண்டாள். ரெஜினாளுக்கு இரண்டு கையும் கிடையாது, ஆனால் நன்றாக இரும வரும். அதனாலேயே போன வருடம் அவளுக்கு ஆள் நின்றுபோயிற்று. “போதும்னா ஊட்டுற கை நின்னுரும் மலரு. ‘இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ’ன்னு சொல்ல ஆளில்ல. நான் இப்பம் ரொம்ப மெலிஞ்சுட்டேன்” என்று போன வாரம்தான் சொன்னாள்.

“மணி என்ன?”

“அஞ்சே முக்கா.”

“நீ எங்க போவ?”

“கோவில்பட்டியில மக வீடு இருக்கு. அங்க அவுகளே ஆறு பேரு ஒத்த அறையில கெடக்காக.” சந்தனமாரி துண்டை மடித்தாள். “என்னைய விடுங்க. எனக்குக் கையும் காலும் இருக்கு, எங்கயும் போவேன். நீங்க யார்கூடச் சண்ட போடுவீக?”

ஜெபமலர் திரையைப் பார்த்தாள். கொல்லிமலைச் சடையப்பனிடம் அவர் செய்த பட்டை இருக்கிறது, தளத்தில் என்ன நிறம் விழுந்தாலும் அதை யாரும் பிடுங்கப்போவதில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளிப் போகும். அதற்குள் வாரியத்தோடு பேசிப் பார்க்கலாம். தன் வீட்டைப் போல எத்தனை ஆயிரம் வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனமாரி. இதையெல்லாம் தனக்குத் தானே சொல்லி முடித்தபோது மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.

“எழுது,” என்றாள் திரையிடம். “இல்லை.”

திரை உடனே பதியவில்லை. ‘இல்லை என்றா சொன்னீர்கள்?’ என்று கேட்டது. இதற்கு முன் அது அவளிடம் எதையும் திருப்பிக் கேட்டதில்லை.

“இல்லை.”

‘காரணம்?’

“அமுக்கு பிந்தி வருகிறது. இருமல் எழும் நேரத்தைப் பட்டை பிடிப்பதில்லை.”

சந்தனமாரி அடுப்படிக்குப் போய், இயந்திரம் கழுவ வேண்டிய காப்பிக் குவளையைத் தன் கையால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, பச்சையில் இருந்த இரண்டு சாட்சிகளும் தங்கள் சொல்லைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ‘ஜெபமலர் அக்காவே இல்லை என்றால் நாங்கள்தான் சரியாகக் கவனிக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘யோசித்துப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் பிந்தியது போலத்தான் இருந்தது’ என்று மற்றவர். சோதனைக்காகப் பட்டையை இறக்கிக் கட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றி வைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ‘ஆம்’களும் சேர்ந்து அந்த ஒரு ‘இல்லை’யைத் தூக்கிப் பிடித்திருந்தன.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் திரையில் அழைப்பு வந்தது. சந்தனமாரி தலைவாரும் கருவியைத் தூர வைத்துவிட்டு, தானே ஜெபமலரின் முடியை எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கா?”

“மலைக்காரரு.”

“எடுக்காதீக.”

“எடுக்காம எப்படி?”

தலையணையில் ஒரு முகம் தெரிந்தது. ஒட்டிய கன்னம், நாலு நாள் தாடி, உதட்டோரத்தில் வரைகுச்சி. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர் சடையப்பன். முப்பத்து நான்கு வயதுதான் இருக்கும். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் அவர் பேச்சையும் மீறிக் கேட்டது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது. சோதித்தவரும் செய்தவரும் பேசுவது சோதனையில் ஒரு பகுதி. தளம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், சொல்வது அப்படியே சாட்சியாகப் பதிவாகும்.

“வணக்கமுங்க்கா. சாப்டீங்களா?”

“ஆச்சு. நானே உங்களக் கூப்பிடணும்னு…”

“நீங்க எதுக்குங்க்கா கூப்பிடோணும். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லோணும்.”

“நன்றியா?”

“மத்த ரெண்டு பேரும் நல்லாருக்குதுன்னப்ப எனக்கு நம்பிக்கையே வரலீங்க. நம்ம மேல இரக்கப்பட்டுச் சொல்றாங்களோன்னு ஒரு இது. நானும் அப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கறனுங்களே. ஆனா நீங்க ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னவங்க இல்ல. எனக்குச் சொல்லியிருக்கீங்கன்னா, இதைக் கட்டி ஒரு உசுரு போயிரக்கூடாதுன்னுதானுங்க சொல்லியிருப்பீங்க.”

“சடையப்பன், உங்க பட்டை… உங்க இடுப்புல இருக்குல்ல?”

“இல்லீங்க. அன்னிக்கே அண்ணிகிட்டச் சொல்லிக் கழட்டியாச்சு. செம்மேட்டு வார்ப்பகத்துல முழுசாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. தப்பு எங்கன்னு தெரியாம மறுபடி மாட்டக் கூடாதுங்களே.”

“நீங்க போட்டப்போ நல்லாத்தான வேலை செஞ்சுது?”

“செஞ்ச மாதிரிதானுங்க இருந்துச்சு. நம்ம செஞ்சது நமக்கு நல்லாத்தானே தெரியும்.” அவர் சிரித்தார். “இப்பதிக்குச் சமாளிச்சுட்டு இருக்கறேன். மழை வேற, நாலு நாளா விடல. கொஞ்சம் சளி…”

அவர் இருமினார். அது இருமலாக இல்லை. இருமலாம் என்று உடம்பு யோசித்துவிட்டு விட்டுவிட்டது போலிருந்தது. உள்ளே எங்கோ ஒரு கரகரப்பு எழுந்து, பாதியில் தங்கிவிட்டது. மறுபடி ஒரு முறை. மறுபடியும் பாதியில்.

ஜெபமலரின் பின்னலில் ஓடிக்கொண்டிருந்த சந்தனமாரியின் விரல்கள் நின்றன. எட்டு வருடம் ஒரு நெஞ்சின் ஒவ்வொரு கரகரப்பையும் கேட்டுப் பழகிய காது அது. சந்தனமாரி குனிந்து, திரையில் தெரியாதபடி ஜெபமலரின் காதருகே வந்தாள்.

“யக்கா. சளி அடியில நிக்கு. அது தானா வெளிய வராது.”

ஜெபமலர் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். பட்டையில் தப்பே இல்லை, திருப்பி மாட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை. மழைக்குள் யாராவது செம்மேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். மற்ற இருவரும் மறுபடி ‘ஆம்’ என்பார்கள், சாயங்காலத்துக்குள் பட்டை பச்சையாகிவிடும், வாரியமும் படித்துவிடும். பின்னல் பாதியில் இருந்தது. சந்தனமாரியின் விரல்கள் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“அக்கா, கேக்குதுங்களா? பிந்தி வருதுன்னு எழுதியிருந்தீங்க. மூணு நாளா யோசிக்கறேன், பிடிபடல. எந்த எடத்துலங்க்கா பிந்துது? அத மட்டும் சொல்லுங்க.”