கேப்டன் கொடுத்த துப்பாக்கிகள்

மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது வண்டி ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தது. இறங்கியதும் கேப்டன் ஸ்ட்ரேக் முதல் வேலையாக மீசையை முறுக்கிக்கொண்டார். சட்டசபைத் தேர்தலில் நிற்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நாற்பது ஷோஷோனி செவ்விந்திய வீரர்களை வென்றதாக ஊர் ஊராக அளந்துகொண்டிருக்கிறார். அந்தப் போர்க்களத்தில் மாவீரர் நிற்பதுபோல் ஒரு படம் வேண்டுமாம்.

படம் பிடிக்க வந்த சைலஸ் பெல்லுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அந்தச் சண்டை நடந்த காலையில் ஷோஷோனி முகாமில் இருந்தது யார் என்று ஊருக்கே தெரியும். ஆண்கள் எல்லாரும் வேட்டைக்குப் போயிருந்தார்கள்.

"இருபது எண்ணுற வரைக்கும் ஆடாம நில்லுங்க, கேப்டன். அசைஞ்சா படத்துல முகம் விழாது."

"யாருகிட்ட சொல்றே? குண்டு மழையில நின்னவன்டா நான்."

யார் சுட்ட குண்டு என்று கேட்க வாய்வரை வந்தது. பெல் அடக்கிக்கொண்டான்.

காற்று நின்றுவிட்டது. எங்கிருந்தோ மயிர் கருகும் நாற்றம்.

படம் பிடித்து முடித்ததும் பெல் இருட்டுக் கூடாரத்துக்குள் போய்க் கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தை ஊற்றினான். படம் மெல்ல எழும்பியது.

கேப்டன் தனியாக இல்லை.

அவருக்குப் பின்னால் புல்வெளி நெடுகக் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் சிறுமிகளும் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொரு முகமும் துல்லியமாக விழுந்திருந்தது.

கேப்டன் உள்ளே வந்து தகட்டைப் பார்த்தார். வெளியே புல்வெளியைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. முகம் வெளிறிப்போனது. அப்போதும் அந்தப் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

"ஊசிய எடு. தகட்டுல எல்லார் கையிலயும் துப்பாக்கி கீறு."

"குழந்தைங்க கையிலயுமா?"

"சின்னதா கீறு. பாக்கறவனுக்கு வீரனுங்க மாதிரி தெரிஞ்சா போதும்."

கேப்டனின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. பெல் கீறினான். கடைசித் துப்பாக்கியை ஒரு சிறுமியின் கையில் வரைந்து முடித்தான்.

க்ளிக்.

வெறும் புல்வெளியிலிருந்து, துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் சத்தம்.

இன்னொன்று. பிறகு வரிசையாக, வெளி முழுக்க.

மாவீரர் தள்ளாடி வெளியே வந்து இரண்டு கைகளையும் தூக்கினார். "கையத் தூக்கிட்டேன்! சுடாதீங்க!"

"அன்னிக்குக் கையத் தூக்கினவங்கள நீங்க விட்டீங்களா, கேப்டன்?" என்று கேட்டான் பெல்.

கேப்டன் கையை ஒரு விரற்கடை இறக்கினார். க்ளிக். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"டேய், என்னைய விட்டுட்டுப் போயிராதடா!"

பெல் வண்டியைக் கிளப்பினான். மேட்டில் ஏறியபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கேப்டன் கைகளைத் தூக்கியபடியே நின்றார். காற்றே இல்லாத அந்த வெளியில், நாலா பக்கமிருந்தும் புல் மிதிபட்டுச் சாய்ந்து சாய்ந்து அவரை நெருங்கிக்கொண்டிருந்தது.