மடை திறக்கும் புதன்

செமஸ்டர் தேர்வு முடிந்த முதல் புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஆலயத்தைத் திறந்துவிடுவேன். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, பாய் விரித்து, ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் ஒரு துண்டும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பேன். சிலருக்கு வாந்தி வரும் என்பதால் மூலையில் நான்கு வாளிகள். இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரேயம் சொல்லிக் கொடுத்தார்கள், கிரேக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். வாளியை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிறகுதான் வெள்ளை அங்கியை மாட்டிக்கொள்வேன்.

பொருநைப் பல்கலைக்கழகச் சிற்றாலயத்துக்கு நான் ஆயராக வந்து பன்னிரண்டு வருடமாகிறது. அதற்கு முன், முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், இதே ஆலயத்தில் நான் தாவரவியல் மாணவி. அப்போது புதன் என்றால் மாலைதான். மாணவர் ஐக்கியம் கூடும். ஒரு கம்பி அறுந்த கிதார், தேங்காய் பன், ஆறிப்போன டீ. ஜெபக்குறிப்பு எழுதிப் போட ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தோம். எவனோ ஒருவன் வாராவாரம் 'ஆர்கானிக் கெமிஸ்ட்ரி' என்று மட்டும் எழுதிப் போடுவான். அதற்காகவும் தலை குனிந்து ஜெபித்தோம், பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்த மாலைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எங்கேயோ போய்விடுகிறது. இப்போது புதன் மாலைகளில் நானும், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டியாரும் மட்டும்தான் இருப்போம். அவருக்குக் காது கேட்காது.

மாணவர்களுக்குக் கடவுள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. டப்பாவில் எழுதிப் போட அவர்களிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். மடைமணி வந்த பிறகு அப்படி ஆகிவிட்டது.

மடைமணி என்பது அரிசி அளவு ஒரு பொருள். வீட்டில் சாவு விழுந்தால், மாணவன் ஊருக்குப் பஸ் ஏறுமுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் காதுக்குப் பின்னால் அதைப் பதித்துவிடுவார்கள். செத்தவர் செத்தது தெரியும். அடக்கத்துக்குப் போகலாம், மண் அள்ளிப் போடலாம். வலிக்காது. வலி மடைக்குப் பின்னால் நிற்கும். பையன் திரும்பி வந்து தேர்வு எழுதுவான். கோப்புகளில் இதற்குத் துக்க ஒத்திவைப்பு என்று பெயர். பிள்ளைகள் 'ஹோல்டு' என்பார்கள். தேர்வு முடிந்ததும் ஒரு புதன்கிழமை வந்து மடையைத் திறந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் அந்தச் சத்தம் மற்ற நோயாளிகளுக்கு ஆகாது என்று சொன்னபோது, ஆலயத்தில் திறக்கட்டுமே என்று எங்கள் சபைத் திருமண்டலத்தில் ஒப்புக்கொண்டார்கள். எப்படியாவது இளைஞர்கள் உள்ளே வந்தால் சரி என்று நினைத்திருப்பார்கள்.

அன்று ஆறு பாய் விரித்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஆசீர் வந்தான். விண்பொறியியல் இறுதியாண்டு, சாத்தான்குளத்துப் பக்கம். கையில் பலகைக் கணினி. பாயைப் பார்க்கவே இல்லை.

"ஆயரம்மா, ஒரு கையெழுத்து வேணும்."

"நீட்டிப்பா?"

"நீட்டிப்பு மூணும் முடிஞ்சிட்டு. வத்த விடுறதுக்கு."

மடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்நூறு நாளைக்கு மேல் துக்கம் தேங்கி நிற்காது. மூளை அதைக் கரைத்துவிடும். பிறகு எப்போது திறந்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி வற்ற விட விரும்புகிறவர்கள் ஆயர் ஒருவர் முன்னால் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆசீருக்கு அன்று பகல் பன்னிரண்டோடு ஐந்நூறு நாள் முடிந்தது.

"யாரு, அப்பாவா?"

"அக்கா. பியூலா. அம்மா கல்ஃப்ல இருந்தா. அக்காதான் என்னைய வளத்தா."

ஊர் பெயரைச் சொல்வதுபோல் சொன்னான். மடை வைத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏம்ல தொறக்க வேண்டாங்குத?"

"வெள்ளிக்கெழம நிலா நிலையத்துக்கு ஆள் எடுக்க தேர்வு ஆயரம்மா. இன்னைக்குத் தொறந்தா ஒம்பது நாளைக்கு எந்திரிக்க மாட்டேன்னு சொல்லுதாங்க. அடுத்த தேர்வு நாலு வருசம் கழிச்சு. எனக்கு வயசு தாண்டிரும்." கணினியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "என்னைய அனுப்பணும்னு ஆசப்பட்டதே அக்காதான்," என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. "ஆராதனையில பேரு வாசிச்ச பெறகுதான் கையெழுத்துப் போடணும். உக்காரு," என்றேன்.

பத்து மணிக்கு ஆராதனை. ஐந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். ஆசீர் மட்டும் கடைசி பெஞ்சில். சின்ன ஜெபம், கொஞ்சம் மௌனம், பிறகு கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்கள். பிள்ளைகள் கொடுத்த ஆறு பெயர்களோடு, இந்த ஆராதனையில் எப்போதும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பெயரையும் வாசித்தேன். பிறகு செவிலி ஜாஸ்மின் ஒவ்வொரு பாயாகப் போனாள். முதல் பெண் திறந்த அரை நிமிடத்தில் "அப்பா" என்று கத்தினாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்குத்தான் ஆசீரிடம் வர முடிந்தது.

"கிருபாகரன்னு ஒரு பேரு வாசிச்சீங்கள்லா," என்றான். "இங்க அஞ்சு பேருதான் இருக்காங்க, நான் ஆறு. அது யாரோட ஆளு?"

"என் வீட்டுக்காரரு."

என்னையே பார்த்தான். "ரோல் நம்பர் வாசிக்க மாதிரி வாசிச்சீங்க?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தான். ஆகவே சொன்னேன்.

எட்டு வருடம் முன்பு பரிசுத்த வாரத்தில் திங்கட்கிழமை கிருபாகரன் இறந்தார். அந்த வாரம் எனக்கு ஒன்பது ஆராதனைகள். போதாக்குறைக்குத் திறப்புக்கு முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஈஸ்டர் முடியட்டும் என்று நானும் மடைமணி வைத்துக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்ததும் திடப்படுத்தல் வகுப்பு. அது முடிந்ததும் பேராயர் வருகை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். ஒரு நாள் நாட்காட்டியைப் பார்த்தேன், ஐந்நூற்று மூன்று.

"அழவே இல்லியா?"

"எங்கல அழ? ஒண்ணும் வரல."

"அவர எங்க பாத்தீங்க மொதல்ல?"

"இங்கதான்." அந்தக் கதையைச் சொன்னேன். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் அப்பா தவறிப்போனார். அடக்கம் முடிந்து திரும்பி வந்த அன்று, ஐக்கியத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் ஆலயப் படியில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டே இருந்தேன். அதுவரை என்னிடம் பேசியே இராத கிருபாகரன் சட்டைப் பையிலிருந்து ஹாஸ்டல் மெஸ் பட்டியலை எடுத்து, ஏதாவது வாசிக்க வேண்டுமே என்று வாசிக்க ஆரம்பித்தார். திங்கள் ரவா உப்புமா. செவ்வாய் ரவா கிச்சடி. புதன் மறுபடியும் ரவா உப்புமா. இரண்டாவது உப்புமாவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. பதினோரு பேரும் சிரித்து, பிறகு பதினோரு பேரும் அழுதார்கள்.

ஆசீர் சிரித்துவிட்டான்.

"பாரு, ஒனக்குச் சிரிப்பு வருது. எனக்கு அந்தப் படி ஞாபகம் இருக்கு, அழுத மத்தவங்க மொகம் ஞாபகம் இருக்கு, நெனச்சா ஏங்குது. அவரு வாசிக்க எடத்துல வந்தா நின்னுருது. வேற யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பத்தப் புரட்ட மாதிரி." கையை நீட்டினேன். "ஒனக்குப் புத்தி சொல்லணும்னு சொல்லல. கேட்ட, சொன்னேன். நிலாவுக்குப் போறது சின்ன விசயமா? தா, கையெழுத்துப் போடுதேன்."

போட்டேன். பலகையை அவனிடம் கொடுத்துவிட்டு, வாளி கேட்ட பையனிடம் போனேன்.

திரும்பிப் பார்த்தபோது ஆசீர் எழுந்து போயிருப்பான் என்று நினைத்தேன். போகவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு செருப்பைக் கழற்றிவிட்டு ஆறாவது பாயில் வந்து படுத்தான். "சீக்கிரம் தொறங்க சிஸ்டர், பன்னெண்டாகப் போவுது," என்றான். ஜாஸ்மின் என்னைப் பார்த்தாள். பெஞ்சின் மேல் அவன் கணினியில் அனுமதிப் படிவம் என் கையெழுத்தோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் கைக்கு எட்டிய நிலாவை என் வாயால் தட்டிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. "அவன் இஷ்டம்," என்றேன்.

முதலில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் மார்பு ஏறி இறங்கியது.

"நான் ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டேன் ஆயரம்மா."

"என்னத்தல?"

"அவ ரூம. அடக்கம் முடிஞ்ச மறுநா. அவ சேல, சீப்பு, செருப்பு, எல்லாத்தையும் சாக்குல கட்டித் தூக்கிக் குடுத்துட்டேன். வேகமா முடிச்சிட்டியேன்னு அத்த கூடச் சொன்னா. எனக்கு ஒண்ணுமே தோணல. சீப்புல அவ முடி இருந்துச்சு. முடிய எடுத்துப் போட்டுட்டு, கழுவிக் குடுத்தேன்." குரல் உடைந்தது. "ஒண்ணாவது வச்சிருந்திருக்கலாம்லா. ஒண்ணாவது."

அதற்கு மேல் வார்த்தை இல்லை. பாயைப் பிய்த்துக்கொண்டு கத்தினான். அவன் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கிருபாகரனின் அலமாரியை நானும் ஒரே மத்தியானத்தில் காலி செய்தவள்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு மணி சுமாருக்கு ஆசீரின் அழுகை கொஞ்சம் தணிந்தது. தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தான், பாதி என் அங்கியில் கொட்டியது. வீங்கிய கண்ணால் என்னை அண்ணாந்து பார்த்தான்.

"ஆயரம்மா, இப்போ உங்க வீட்டுக்காரர நெனச்சாலும் அழுக வருது. நான் அவரப் பாத்தது கூட கெடையாது. உப்புமா வாசிச்சாரேன்னு நெனச்சா தாங்கல." மூக்கை உறிஞ்சினான். "அவருக்கும் சேத்து அழட்டுமா?"

எட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எனக்குள் ஏதாவது நகரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஒன்றும் நகரவில்லை.

"அழுப்பா," என்றேன். "நல்லா அழு."