வெளுத்த மோதிரம்

பிஜித் தீவின் நௌசோரி சந்தையில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்கும் அகனிசி, ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் விலிகேசாவைத் தேடி வந்தாள். தேவாலயப் பாடகர் குழுத் தலைவி உனைசி, கை நடுக்கமும் சிறுநீரகக் கோளாறுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அகனிசியின் எண்ணெயைத் தேய்த்ததுதான் காரணம் என்று உனைசியே சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையினர் அகனிசியின் கடையை மூடப்போகிறார்கள்.

"என் பிள்ளைங்களுக்கும் அதத்தான் ஐயா தேய்க்கிறேன்" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் செரியானா எண்ணெயைச் சோதித்தாள். சுத்தமான எண்ணெய்.

"அப்ப வேலை முடிஞ்சுதுங்க ஐயா" என்றாள் செரியானா.

"பாதிதான் முடிஞ்சிருக்கு. அந்தம்மா உடம்புக்கு வேற எது வந்து சேர்ந்தது?"

ஆஸ்பத்திரியில் உனைசி வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள். எபேலி கடையில் வாங்கிய, நிறத்தை வெளுக்க வைக்கும் முத்துக் கிரீமையும் முகத்தில் தடவியிருக்கிறாள். டப்பியை எறிந்துவிட்டாள். விலிகேசா அவள் விரலைப் பார்த்தார். கல்யாண மோதிரம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அந்தச் சபைப் பெண்கள் போதகர் ஆசீர்வதித்த மோதிரத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

மறுநாள் சுகாதார அதிகாரி, அகனிசி, செரியானா மூவரையும் அழைத்துக்கொண்டு விலிகேசா எபேலியின் கடைக்குப் போனார். டப்பியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை. எல்லாம் மூலிகை, உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது என்று எபேலி சிரித்தான். தன் தாயின் மோதிரத்தை அணிந்துவந்த செரியானா, தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"மோதிரத்தக் கழட்டிடும்மா" என்றான் எபேலி, வழக்கமாகச் சொல்வதுபோல.

"ஏன்?" என்று கேட்டார் விலிகேசா.

எபேலி டப்பியை மூடப் போனான்.

"மூலிகை தங்கத்த என்ன பண்ணும்? பாதரசம்தான் தங்கத்துல ஒட்டி வெளுக்க வைக்கும். முகத்துல பூசுறதுல அதச் சேர்க்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. அது உனக்குத் தெரியும். வர்ற பொண்ணுங்க எல்லார்கிட்டயும் மோதிரத்தக் கழட்டச் சொல்லியிருக்க. உனைசிதான் கழட்டல." எப்போதும் அமைதியான அவர் குரல் உயர்ந்தது. "மோதிரம் கெட்டுடும்னு சொன்ன வாய்க்கு, உடம்பு கெட்டுடும்னு சொல்ல வரலையா எபேலி?"

அதிகாரி டப்பிகளை எடுத்துச் சீல் வைத்தார். அன்று மாலைக்குள் ஆய்வுக்கூடமும் பாதரசத்தை உறுதி செய்தது; அகனிசியின் கடையை மூடும் பேச்சும் நின்றது.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அகனிசி மீன் சூப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உனைசியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு வாய் குடித்தாள்.

"உப்பே இல்லையே."

"உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாராம், அக்கா. எங்க வீட்லயும் இன்னைக்கு இதேதான்."

உனைசியின் கை நடுங்கிச் சூப் தளும்பியது. அகனிசி கிண்ணத்தைத் தன் கையில் வாங்கி, அவள் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.