துடைக்காத இடம்

தம்பி போன பிறகு அவன் வீட்டுப் படியை நான் மிதித்தது, எங்கள் குடும்பப் பேர் சந்தி சிரிக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றுதான். மத்தியான வேளை. வானம் மூடிக் கிடந்தது. மழை வருவேன் வருவேன் என்று மிரட்டியதே தவிர, வரவில்லை.

தம்பி மகள் கதவைத் திறந்தாள். தூக்கமில்லாத கண்கள்.

"வாங்க பெரியப்பா. காப்பி போடட்டுமா?"

"காப்பி கிடக்கட்டும். என் தம்பியைத் திருடன்னு சொன்னது யாரு?"

தம்பி எழுதியது, சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் நூலகம். உலகத்தில் எவரும் அதைச் சும்மா எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். அந்தத் திருத்தத்தை உள்ளே விடுவதும் வாசலோடு திருப்புவதும் பராமரிக்கிறவர் கையில். சாகும்வரை தம்பி பராமரித்தான். இப்போது இவள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவன் பெயர் இருக்கிறது, எங்கள் அப்பா பெயரோடு சேர்ந்து.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிரல், தன் வேலைக்காகக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். கொடுக்குமுன் அந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பான், வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவது போல. இல்லையென்றால் பழைய குப்பை அடுத்தவன் கண்ணில் படும்.

வெளியூர்க்காரன் ஒருவன், துடைக்கிற வரியை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்று ஓயாமல் திருத்தம் அனுப்பினான். அவசரக்குடுக்கை என்று பேர் வைத்து, தம்பி அவனைக் கடைசிவரை உள்ளே விடவில்லை. தம்பி போனதும் இவள் அதை உள்ளே விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் புகார்கள் வர ஆரம்பித்தன. எங்கெங்கோ இருக்கிற திரைகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மென்பொருள்களில், ஒரே வரி. தமிழில்.

தட்டிட்டு வாங்க.

அது தம்பியின் வாய்ப்பேச்சு. அவன் வேலை செய்கிற அறைக்குள் யார் போனாலும் கதவைத் தட்ட வேண்டும். என்னிடமும் சொல்லிப் பார்த்தான். தம்பி அறை வாசலில் அண்ணன் தட்டிக்கொண்டு நிற்பதா? நான் ஒருநாளும் தட்டியதில்லை.

அவள் அவசரக்குடுக்கையைப் போனில் பிடித்து, எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"உங்கப்பா யாருக்கும் தெரியாம உள்ள நுழைய ஒரு கள்ளவாசல் வெச்சிட்டுப் போயிருக்காருங்க. அவர் பேரை எடுத்துடுங்க. இல்லன்னா நானே எல்லாருக்கும் எழுதிடுவேன்."

"வாயை அளந்து பேசுப்பா," என்றேன். "எங்க வீட்ல கள்ளவாசல் கிடையாது. முன்வாசல் ஒண்ணுதான்."

"அப்போ அந்த வரி எங்கேருந்து வருதுங்க ஐயா?"

போனை வைக்கச் சொன்னேன்.

"முழுக்கத் தேடிட்டேன் பெரியப்பா," என்றாள். "நம்ம நிரல்ல அந்த வரி எங்கேயுமே இல்ல. ஒரு கம்ப்யூட்டர்ல குப்பைன்னு தெரியறது, அதே கம்ப்யூட்டர்ல முன்னாடி இருந்ததாத்தான் இருக்கணும். அந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணைக்கூட அப்பா தொட்டதில்ல."

"யாரும் தொடாத புது கம்ப்யூட்டர் இருக்கா?"

இருந்தது. பெட்டிகூடப் பிரிக்காமல் தம்பி அறையில்.

அவள் பூட்டைத் திறந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சூடேறிய தூசி வாசனை. அதற்கடியில், அவன் கழுத்து வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை. நெடி மட்டும் இப்போதுதான் தேய்த்தது போல.

அவள் பெட்டியைப் பிரித்தாள். நூலகத்தை மட்டும் அதில் ஏற்றி ஓடவிட்டாள். உள்ளே சின்ன விசிறி முனகியது.

திரை வெறுமையாக இருந்தது.

அப்புறம் வெறுமையாக இல்லை.

தட்டிட்டு வாங்கண்ணா.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"துடைக்கிற வரியைத் திரும்பப் போடு," என்றேன்.

"போட்டா..." குரல் காற்றாக வந்தது. "அப்பா போயிடுவாரு பெரியப்பா."

"பேர் நிக்கும்."

அழுதுகொண்டே எழுதினாள். மறுபடி ஓடவிட்டாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. தைல நெடி, விளக்கை அணைத்தது போல அறுந்துபோனது.

திருத்தம் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் அவசரக்குடுக்கையே எழுதிவிட்டான்: எந்தத் திரையிலும் அந்த வரி இல்லை, தப்புத் தன் திருத்தத்தில்தான், பெரியவர் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஜெயித்துவிட்டேன். அறையை நானே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கூடத்தில் உட்கார்ந்தேன். அவள் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் இன்னும் உதட்டில் படவில்லை.

டொக். டொக்.

பூட்டிய அறையிலிருந்து. உள்பக்கமிருந்து.

உலகத்துத் திரைகள் எல்லாவற்றிலிருந்தும் துடைத்து அனுப்பப்பட்டவன் வேறு எங்கே போவான்?

"பெரியப்பா," என்று கிசுகிசுத்தாள். "கைப்பிடியைப் பாருங்க."

அது மெல்லத் திரும்பியது. பாதியில் நின்றது. நான் கூப்பிடாமல் என் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் தம்பிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

என் வாயில் "வா" வரவில்லை.

டொக். டொக்.